வெறுங்கால் சோதனை

இரண்டு காரின் பெயரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். கார் பைத்தியங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. சொந்த மாமனாரைத் திட்டினால்கூடச் சிரித்துவிட்டுப் போவார்கள்; காரைத் திட்டினால் ஜென்மத்துக்கும் பேச மாட்டார்கள். அதனால் ஒன்றை நீலம் என்கிறேன், இன்னொன்றைச் சாம்பல் என்கிறேன். அவற்றின் நிறமும் அதுதான். இரண்டும் நாலு கதவு, பின்னால் டிக்கி, முன்னால் சின்ன டர்போ இன்ஜின். பார்த்தால் ஆபீசுக்குப் போகிற கார் மாதிரி சாதுவாக இருக்கும், மிதித்தால் முதுகை சீட்டோடு ஒட்டவைக்கும். பழைய கார் வாங்குகிறவர்களில் கொஞ்சம் ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் கடைசியில் இந்த இரண்டுக்கு நடுவில்தான் வந்து நிற்பார்கள்.

நான் சகாதேவன். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், இருப்பது திருவண்ணாமலையில். பழைய கார் வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் ஓட்டிப் பார்த்து, வாங்கலாம், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வேன். பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. என்னிடம் மீட்டர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்டீயரிங்கைப் பிடிப்பதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிடுவேன், அவ்வளவுதான்.

வெறுங்காலில் ஓட்டுவது பக்தியில் ஆரம்பித்த பழக்கம். வண்டிகளை நான் சோதித்துப் பார்ப்பது கிரிவலப் பாதையில். மலையைச் சுற்றி நடக்கிறவர்கள் செருப்பு போடுவதில்லை. காரில் சுற்றுகிறவனுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம் என்று நினைத்து நானும் கழற்றினேன். போகப் போக அதுவே தொழிலாகிவிட்டது. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, பிரேக் டிஸ்க் எங்கே நெளிந்திருக்கிறது, இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் எப்போது கிழியப்போகிறது, எல்லாம் பாதம் வழியாக ஏறி வந்து சொல்லும். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, பழைய கார் யார்டு வைத்திருக்கும் மஹீன் பாய், வாங்க வருகிறவர்களிடம் என் காலைக் காட்டித்தான் பேச்சையே ஆரம்பிப்பார். “அண்ணன் கால் வெச்சு ஓகே சொன்னா அந்த வண்டியை நான் தைரியமா விப்பேங்க” என்பார்.

அந்தக் கால் போன தை மாதத்திலிருந்து சரியில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில் ரேவதியிடம்கூட. முதலில் விரல் நுனி மரத்தது. பிறகு தரைக்கும் பாதத்துக்கும் நடுவில் யாரோ ஒரு துணியை விரித்துவைத்த மாதிரி இருந்தது. மாசி மாதம் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஆள் ஓடிவந்து, “உங்க செருப்பு ஒண்ணு அங்கியே கிடக்குதுங்க” என்றான். குனிந்து பார்த்தால் ஒரு கால் வெறுங்கால். எனக்குத் தெரியவே இல்லை. நாலு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரையை நினைத்தால் போடுவேன், இல்லாவிட்டால் இல்லை. அதனால்தான் இது என்று உள்ளுக்குள் தெரிந்தது. தெரிந்ததை ஒப்புக்கொள்ளப் பயமாக இருந்தது. பாதம் போனால் நான் யார்? என்னை எதற்குக் கூப்பிடுவார்கள்? வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது. அதனால் பாதம் சொல்லாததை இடுப்பும் கையும் காதும் சொல்லிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வண்டி பார்ப்பதை நிறுத்தாமல் இருந்தேன்.

மதிவதனி வந்தது சித்திரையில். முப்பத்துமூன்று வயது, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாள். ஆசிரமம் பக்கத்தில் வாடகை வீடு, கூட அம்மா எல்லம்மாள். வாரம் ஒரு தடவை பெங்களூர் போய்வர வேண்டும். டிரைவர் வைத்துக்கொள்கிற ரகம் இல்லை, ஓட்டுவதில் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. மஹீனின் யார்டில் நீலமும் சாம்பலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

“எனக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியும்ணா. எது நல்ல வண்டின்னு நீங்க சொல்லுங்க” என்றாள்.

முதலில் நீலத்தை எடுத்தேன். பௌர்ணமி முடிந்து நாலு நாள் ஆகியிருந்ததால் பாதை காலி. அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். செங்கம் ரோட்டில் ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொன்றையும் நீலம் எங்கள் இடுப்பில் எழுதிக்காட்டியது. பெரிய சக்கரம், மெல்லிய டயர், விறைப்பான சஸ்பென்ஷன். வேகத்தடையில் பத்துக்குக் கீழே இறங்கினாலும் ‘தட்’ என்று ஒன்று வரும். ஆனால் கிரிவலப் பாதைக்குள் திரும்பியதும் அதன் குணமே வேறு. ஸ்டீயரிங்கை இம்மி அளவு அசைத்தால் மூக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. வளைவில் உடம்பு சாயவே இல்லை. புளியமரங்களுக்கு நடுவில் அறுபதில் வளைத்தேன், தண்டவாளத்தில் போகிற மாதிரி போனது.

“எப்டி?” என்றாள்.

“கத்தி மாதிரி இருக்குது மேடம். ஆனா கத்தியை எந்நேரமும் கையில பிடிச்சிக்கினே இருக்க முடியாதில்ல? பெங்களூர் போய் இறங்கும்போது இடுப்பு வலி ஜாஸ்தியா இருக்கும். அம்மா பின்னாடி உக்காந்தா இன்னும் மோசம்.”

அவள் சிரித்தாள். எனக்கும் தைரியம் வந்தது. இடுப்பு சொன்னது, கை சொன்னது, இரண்டும் சரியாகத்தான் சொன்னன. பாதம் இல்லாமலே பிழைத்துவிடுவேன் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

காலி இடம் பார்த்து, அறுபதிலிருந்து மூன்று தடவை பிரேக் மிதித்தேன். வண்டி நேராக நின்றது. பெடலில் என்ன நடந்தது என்று கேட்டால், தெரியாது. பாதத்துக்குக் கீழே ஒரு பலகை இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. நெற்றியில் வேர்த்தது. ஏ.சி. காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தும் வேர்த்தது.

அடுத்தது சாம்பல். ஏறி உட்கார்ந்ததுமே வித்தியாசம். ஒட்டுப்போட்ட ரோட்டை அது கண்டுகொள்ளவே இல்லை. குழி வந்தால் ஒரு தடவை இறங்கி ஒரு தடவை ஏறும், மூன்றாவது ஆட்டம் கிடையாது. வளைவில் திருப்பினால் ஒரு நொடி யோசிக்கும், கொஞ்சம் சாயும்; சாய்ந்தபிறகு பிடித்த பிடியை விடாது. நீலம் சொன்னதும் பாய்கிறது என்றால், சாம்பல் ‘சரி’ என்று சொல்லிவிட்டுப் போகிறது. நாள் முழுக்க ஓட்டலாம். இதிலும் அறுபதிலிருந்து மூன்று தடவை பிரேக் மிதித்தேன். நேராக நின்றது. நீலத்தின் பெடலில் ஒன்றும் தெரியவில்லை, சாம்பலின் பெடலிலும் ஒன்றும் தெரியவில்லை. அப்படியானால் பிரேக்கில் இரண்டும் சமம் என்று முடிவு கட்டினேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் உலகத்தில் உண்டா என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

பிறகு அதே சாம்பலை மதிவதனி ஓட்டினாள். அவளும் என்னைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். நன்றாக ஓட்டினாள், பதற்றம் இல்லை, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுகிறாள். அடி அண்ணாமலைக்கு முன்னாலேயே ஒரு மாடு குறுக்கே வர, அழுத்தி மிதித்தாள். வண்டி நின்றது. அவள் உடனே கிளப்பவில்லை.

“அண்ணா, பெடல் துடிக்குது.”

“இன்னாது?”

“மிதிச்சா அடியில லேசா துடிக்குதுண்ணா. நாடி அடிக்கிற மாதிரி. நீங்க மிதிக்கும்போது தெரியலையா?”

 பதினெட்டு வருஷத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாததை நான் சொல்வேன். இன்றைக்கு எனக்குத் தெரியாததை அவள் சொல்கிறாள். ‘தெரியலம்மா’ என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அதற்குள் என்னுடைய பதினெட்டு வருஷம் முந்திக்கொண்டு பேசிவிட்டது.

“அது ஏ.பி.எஸ். மேடம். ரோட்டுல மண்ணு கிடக்குதில்ல, சக்கரம் வழுக்கும்போது அது வேலை செய்யும். அப்ப துடிக்கத்தான் செய்யும். பிரேக்ல ஒண்ணும் இல்ல.”

“ஓ” என்றாள். உடனே நம்பிவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வருண லிங்கம் வந்ததும், முடிவு பண்ணுவதற்கு முன்னால் சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று வண்டியை ஓரங்கட்டினாள். மணி பன்னிரண்டரை. இறங்கியவள் “ஐயோ” என்று கத்திக்கொண்டு, குதிகாலால் தாவித் தாவி நிழலுக்கு ஓடினாள். நான் இறங்கிப் பின் டயரைப் பார்த்தேன். கட்டை விரலை விட்டுத் தேய்மானம் பார்த்தேன், சுற்றிவந்து அடுத்த டயரைப் பார்த்தேன். உண்மையில் பார்க்க ஒன்றும் இல்லை. அவள் திரும்பி வருவதற்குள் முகத்தைச் சரி பண்ணிக்கொள்ள எனக்கு நேரம் வேண்டியிருந்தது. தார் ரோட்டில் வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன்.

திருநீறு பூசிக்கொண்டு அவள் வந்தாள். வந்தவள் கோயில் நிழல் முடிகிற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

“அண்ணா, கால் சுடலையா உங்களுக்கு? பத்து நிமிஷமா தார்லயே நிக்கிறீங்க.”

குனிந்து என் பாதங்களைப் பார்த்தேன். இரண்டும் தார் மேல் சமர்த்தாக இருந்தன. வலி இல்லை, சூடு இல்லை, ஒன்றுமே இல்லை. ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது. ஓடவும் பயம், ஓடினால் இவ்வளவு நேரம் தெரியாமல் நின்றேன் என்று ஆகிவிடும்.

“பழக்கம்ங்க” என்றேன்.

“அதான் எல்லாரும் உங்க காலை நம்பறாங்க” என்று சொல்லிவிட்டு, மறுபடி தாவித் தாவி வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள்.

யார்டுக்கு வந்ததும் மஹீன் மோர் கொடுத்தார். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். நீலம் ஓட்டுகிறவருக்கு நல்லது, சாம்பல் கூட வருகிறவருக்கும் நல்லது. திருப்பத்தில் நீலம் ஒரு படி மேலே, பயணத்தில் சாம்பல் இரண்டு படி மேலே. உங்கள் வாழ்க்கைக்குச் சாம்பல்தான் என்றேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்தத் துடிப்பைப் பற்றி மட்டும் பேசவில்லை.

மதிவதனிக்கு முகமெல்லாம் சந்தோஷம். “நாளைக்குக் காலையில பிள்ளையார் கோயில்ல பூஜை போட்டுட்டு அப்படியே அம்மாவை ஜமுனாமரத்தூர் கூட்டினு போறேன். ரொம்ப நாளா மலையில அருவி பாக்கணும்னு கேட்டுனே இருக்காங்க. நீங்க வந்துதாண்ணா எலுமிச்சம்பழம் ஏத்தணும். உங்க காலாலதான் வண்டி கிளம்பணும்” என்றாள்.

ஜமுனாமரத்தூர் என்றால் ஜவ்வாது மலை. ஏறுவது ஒன்றும் பெரிதில்லை. இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக். “வரேம்மா” என்றேன். 

தாலுகா ஆபீஸ் எதிரில் ரேவதி ஜெராக்ஸ் கடை நடத்துகிறாள். அன்றைக்குச் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிட்டாள். நான் கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். கடந்த ஒரு மணி நேரமாக நடந்துகொண்டுதான் இருந்தேன். அவள் பையை மாட்டிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

“இன்னாங்க இது, தரையெல்லாம் ஈரம்?”

வெள்ளை டைல்ஸ் முழுக்க என் காலடித் தடம். தண்ணீர் என்று நினைத்துக் குனிந்தவள், நிமிரும்போது முகம் மாறியிருந்தது. என்னை நாற்காலியில் பிடித்துத் தள்ளினாள், காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். உள்ளங்கால் இரண்டிலும் பெரிய பெரிய கொப்புளம். இரண்டு கொப்புளம் உடைந்து தோல் வழன்று தொங்கியது.  ரேவதி தலையில் பூவுக்குக் குத்தியிருந்த ஊசியை உருவினாள்.

“கண்ணை மூடுங்க. குத்தும்போது சொல்லணும்.”

மூடிக்கொண்டு காத்திருந்தேன். தெருவில் ஒரு ஆட்டோ போனது. பக்கத்து வீட்டில் குக்கர் கத்தியது.

“எப்ப குத்தப் போற?” என்றேன்.

 கண்ணைத் திறந்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள். “ஆறு தடவை குத்திட்டேன்யா” என்றாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் என்னை அவள் ‘யா’ போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. மஞ்சள் வேண்டாம் மருந்துதான் என்று ஆளை அனுப்பிக் களிம்பு வாங்கினாள், துணி கட்டினாள். காலையில் முதல் வேலை ஆஸ்பத்திரி என்றாள். துணிக்கட்டுக்கு முடிச்சுப்போடும்போதுதான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது.

“இந்தக் காலை வெச்சிக்கினா இன்னிக்கு வண்டி பாத்தீங்க?”

எல்லாவற்றையும் சொன்னேன். துடிப்பை, ஏ.பி.எஸ். பொய்யை, நாளைக்குப் போகிற மலையை. சொல்லச் சொல்லத்தான் எனக்கே உறைத்தது. ரோட்டில் மண்ணே இல்லை. அந்த இடத்தில் சக்கரம் வழுக்கவும் இல்லை. வண்டி நேராக, அமைதியாக நின்றது. அது ஏ.பி.எஸ். இல்லை. எதுவோ நெளிந்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது, அல்லது இறுகிப் பிடித்துச் சூடேறிக்கொண்டிருக்கிறது. இறக்கத்தில் பத்து நிமிஷம் மிதித்தால் என்ன ஆகும்?

“போன் போடுங்க” என்றாள் ரேவதி.

“சொன்னா என் பொழப்பு போச்சு.”

“சொல்லாட்டி அவங்க ரெண்டு பேரும் போவாங்க.”

போட்டேன். மதிவதனி எடுத்ததும், “அம்மா பேசணும்னு சொல்றாங்கண்ணா” என்று கொடுத்துவிட்டாள். எல்லம்மாள் என்னைப் பேசவே விடவில்லை. பெண் தனியாக வண்டி ஓட்டுகிறாளே என்று இத்தனை நாள் தூக்கம் வராமல் இருந்தாராம். நீங்கள் பார்த்துச் சொன்னபிறகுதான் நிம்மதி, உங்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்றார். நான் வாயைத் திறந்தேன். “காலையில வரேங்கம்மா” என்பதுதான் வந்தது. போனை வைத்தபோது ரேவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கோழையாக இருப்பதற்குக்கூடப் பலம் வேண்டும்போலிருக்கிறது. பொட்டுத் தூக்கம் இல்லை.

காலையில் ஆறரைக்குப் பிள்ளையார் கோயில் முன்னால் சாம்பல் மாலை போட்டுக்கொண்டு நின்றது. பானெட்டில் சந்தனம், குங்குமம். ரேவதிதான் என்னை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தாள். காலில் துணிக்கட்டைப் பார்த்து மஹீன் புருவத்தை உயர்த்தினார். கண்ணாடி குத்திவிட்டது என்று சொல்லிவைத்தேன். பொய் இப்போதெல்லாம் சரளமாக வருகிறது. எல்லம்மாள் பட்டுப்புடவையில் இருந்தார். பின் சீட்டில் ஒரு கூடை. புளிசாதமும் தண்ணீர் பாட்டிலும் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தன.

அர்ச்சகர் தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். “ஏறுங்கோ” என்றார். எல்லாரும் ஒதுங்கினார்கள். நான் ஏறினேன். சாவியைத் திருப்பினேன். பிரேக்கில் காலை வைத்தேன். அதாவது, வைத்தேன் என்று நினைக்கிறேன். குனிந்து பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன். பெடலுக்குப் பாதி வெளியே இருந்தது என் கால்.

இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினேன்.

“இன்னாண்ணே?” என்றார் மஹீன்.

“இந்த வண்டி மலைக்குப் போவக் கூடாது.”

“பூஜை நேரத்துல இன்னா பேச்சுண்ணே இது?”

எல்லம்மாள் பதறிப்போனார். “பழம் வெச்சாச்சு, பாதியில நிறுத்தலாமா? அபசகுனமா ஆயிடும்பா. ஏறு, ஒரு அடி எடுத்துட்டு இறங்கிடு” என்று கெஞ்சினார். அர்ச்சகர் தட்டை வைத்துக்கொண்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மதிவதனி மட்டும் என் காலைப் பார்த்தாள்.

“அண்ணா, அது கண்ணாடி குத்தினதில்ல, இல்ல?”

“இல்லம்மா. நேத்து தார்ல வெந்துபோச்சு. எனக்குத் தெரியல. என் கால் செத்து மூணு மாசமாச்சு. பெடல்ல எனக்கு ஒண்ணும் தெரியல. தெரியாததைத்தான் ‘ஒண்ணும் இல்ல’ன்னு உங்ககிட்ட சொன்னேன்.”

சொல்லிவிட்டேன்.  ரேவதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப எனக்குத் துடிச்சது?”

“அது நிஜம். ஏ.பி.எஸ்.னு சொன்னது பொய். வழுக்கினா பிரேக் கர்ர்னு அதிரும். உங்களுக்கு நாடி மாதிரி அடிச்சுது. ஸ்டீயரிங் ஆடல, அதனால பின்னாடி சக்கரம். கழட்டிப் பாருங்க பாய்.”

மஹீனுக்கு முகம் சிவந்துவிட்டது. சுற்றிலும் ஆள் சேர்ந்துவிட்டது, அவர் பெயர் எழுதிய ஸ்டிக்கர் வண்டியின் பின்கண்ணாடியில் இருக்கிறது. கோபத்தோடு டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுத்தார். பட்டுப்புடவையும் பூத்தட்டும் சூழ, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே தரையில் உட்கார்ந்து இடது பின் சக்கரத்தைக் கழற்றினார். போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

“வந்து பாருங்க மேடம்” என்றார் மெதுவாக.

பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பூத்துப் போயிருந்தது. டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பேடுகளில், வெளிப்பக்கத்து பேடில் பாதிக்கு மேல் இருந்தது. உள்பக்கத்து பேடில் ஒன்றும் இல்லை, இரும்புத் தகடுதான் மிச்சம். அழுத்துகிற பாகம் இறுகிப்போய், மிதிக்காதபோதும் ஒரு பக்கம் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியிலிருந்து எட்டிப்பார்க்கிறவனுக்கு நன்றாக இருக்கிற பேட் மட்டும்தான் தெரியும். உள்ளே இருப்பதைப் பெடல்தான் சொல்ல வேண்டும்.

“எறக்கத்துல சூடேறி பெடல் அப்படியே கீழ போயிருக்கும்” என்றார் மஹீன். “அல்லாஹ் காப்பாத்தினான்.”

எல்லம்மாள் காரின் பின்கதவைத் திறந்து புளிசாதக் கூடையை எடுத்துத் தன் மார்போடு வைத்துக்கொண்டார். அபசகுனம் என்று மறுபடி சொல்லவில்லை.

மதிவதனி திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. “நேத்தே சொல்லியிருக்கலாம்ல அண்ணா. ராத்திரி போன்ல எங்கம்மாகிட்ட பேசினீங்களே, அப்பகூட சொல்லலையே” என்றாள்.  தலையைக் குனிந்துகொண்டேன். அவமானம் என்றால் என்ன என்று ஐம்பது வயதில் தெரிந்துகொண்டேன்.

எல்லாம் முடிந்தது, இனி ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு வேறு ஏதாவது வேலை தேட வேண்டும் என்று நினைத்து ஸ்கூட்டியில் ஏறப்போனேன். அப்போதுதான் மஹீன் கேட்டார். கோபம் போய், குரலில் பயம் வந்திருந்தது.

“அண்ணே, மூணு மாசம்னு சொன்னீங்களே. தையிலருந்து எத்தனை வண்டி ஓகே சொல்லியிருக்கீங்க?”

கால் கட்டோடு அப்படியே நின்றேன். இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை? என் பிழைப்பு, என் பெயர், என் கால் என்று எல்லாம் என்னைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மஹீனிடம் நாலு. வேலூர் ரோட்டில் இரண்டு. போளூரில் ஒன்று, நேராக வீட்டுக்கே போய்ப் பார்த்தது இரண்டு. விரல்விட்டு எண்ணினேன். ஒன்பது. ஒன்பது வண்டி இந்த நிமிஷம் எங்கெங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது. எதன் பெடலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்பதிலும் ‘ஒண்ணும் இல்ல’ என்று சொல்லியிருக்கிறேன்.

கோயில் படியிலேயே உட்கார்ந்தேன். ரேவதி என் போனை வாங்கிப் பெயரைத் தேடினாள். முதலில் சின்னசாமி வாத்தியார், கீழ்பென்னாத்தூர்க்காரர். போன மாதம்தான் ஒரு வெள்ளைக் கார் பார்த்துக் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டாவது தடவை போட்டோம். கடைசி மணியில் எடுத்தார். பின்னால் காற்றுச் சத்தம், லாரி ஹாரன்.

“சொல்லுங்க சகாதேவன்! கார்லதான் இருக்கேன். கண்ணமங்கலம் தாண்டிட்டோம். பொண்ணு சிந்துஜாதான் ஓட்டுது, வேலூர்ல காலேஜ்ல விடப் போறேன். பஞ்சு மாதிரி போவுது வண்டி.”

“சார், வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. மெதுவா, கியரைக் குறைச்சிக் குறைச்சி நிறுத்தச் சொல்லுங்க.”

“எதுக்குங்க?” என்று சிரித்தார். “நீங்க கால் வெச்சு ஓகே சொன்ன வண்டியாச்சே.”

“அதனாலதான் சார்.”